வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: ஓடிக் களைத்த உடல் எப்போது மீளும்?

மாரத்தான் பருவம் முடிந்த கையோடு, களைப்பைப் பற்றிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றுள் நான்கை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்ற மூவருக்கும் அதிலுள்ள பல செய்திகள் பொருந்தும் என்பதால் அவர்களும் அதைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 42, எடை 68 கிலோ. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மூன்று ஆண்டுகளாக அரை மாரத்தான் ஓடிவருகிறேன். முழு மாரத்தான் ஓடிவிட வேண்டும் என்ற ஆசையில், வாரத்துக்கு 40 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை ஏழே வாரத்தில் 85 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனேன். எடை குறையட்டும் என்று காலை உணவையும் நிறுத்தினேன். ஜனவரியில் பந்தயத்தை ஓடி முடித்து, நான்கு நாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் ஓடத் தொடங்கினேன். இப்போது இரண்டு மாதம் ஆகிறது. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் பேசிக்கொண்டே ஓடியவன், இன்று 6 நிமிடம் 50 நொடிக்கே மூச்சு வாங்குகிறேன். காலையில் 52 ஆக இருந்த நாடித்துடிப்பு 61 ஆகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் வருவதில்லை. மூன்று முறை சளி பிடித்துவிட்டது. பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்துவிழுகிறேன். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது. அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தால் பழைய வேகம் திரும்புமா? ஒரு வாரம் சாப்பிட்டதைக் குறித்து இணைத்திருக்கிறேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: திரும்பாது. நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லக் காரணம், இந்த நிலைக்கு வந்த ஓட்டக்காரர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் மேலும் ஆழமாகச் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதே. வேகம் குறைகிறது, ஆகவே பயிற்சி போதவில்லை என்று கணக்குப் போட்டு, வாரத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டரைக் கூட்டுகிறார்கள். ஓடும்போது உடல் வலுப்பெறுவதில்லை. ஓடும்போது தசை இழைகள் நுண்ணிய அளவில் சிதைகின்றன, தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்துவைத்த மாவுச்சத்து கரைகிறது, நரம்பு மண்டலமும் நாளமில்லாச் சுரப்பிகளும் அவசர நிலையில் வேலை செய்கின்றன. பிறகு நீங்கள் உண்டு, உறங்கும் நேரத்தில்தான் உடல் அந்தச் சேதத்தைச் சரிசெய்து, முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டி எழுப்புகிறது. கட்டி முடிப்பதற்குள் மறுபடி மறுபடி இடித்தால் சுவர் எழும்பாது. ஏழு வாரத்தில் ஓட்டம் இரு மடங்குக்கு மேல் ஆனது, உணவு குறைந்தது, வேலைச் சுமை அப்படியே இருந்தது. மீள்வதற்கான வழிகள் மூன்றும் ஒரே நேரத்தில் அடைபட்டிருக்கின்றன.

ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்து 2013இல் வெளியிட்ட கருத்தறிக்கை இந்தக் களைப்பை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. திட்டமிட்டுக் கடுமையாக உழைத்து, சில நாள் முதல் சில வாரம் வரை ஓய்வெடுத்ததும் முன்பைவிட வேகமாக ஓடுகிற நிலை முதலாவது. அது நல்ல பயிற்சியின் ஒரு பகுதியே. இரண்டாவது நிலையில் வேகம் சரிகிறது. மீண்டுவர வாரங்களோ மாதங்களோ ஆகின்றன, அதனால் பயன் ஏதும் கிடைப்பதில்லை. மூன்றாவதுதான் முழுமையான மிகைப் பயிற்சி நோய்க்குறி. அதிலிருந்து மீளப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை இன்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. மீள எவ்வளவு காலம் ஆனது என்று பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் அது தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் இரண்டாவது படி என்றே கருதுகிறேன். இப்போதே நிறுத்தினால் மூன்றாவதுக்குப் போகாமல் தப்பலாம்.

மனவுறுதி குறைந்தவர்களுக்கு வரும் நோய் இது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க மாரத்தான் வீரர் ரயன் ஹால் 2011இல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 4 நிமிடம் 58 நொடியில் ஓடியவர். தீராத களைப்பையும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு மிகக் குறைந்துபோனதையும் காரணமாகச் சொல்லி, 2016 ஜனவரியில், 33 வயதிலேயே பந்தய ஓட்டத்திலிருந்து விலகினார். அவ்வளவு வேகமாக ஓடிய ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. மன உறுதி மிகுந்தவர்கள்தான் உடல் தரும் எச்சரிக்கைகளை மீறி ஓடுகிறார்கள் என்பதை என்னிடம் வருபவர்களிடம் மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

முதலில் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், ஏனென்றால் மற்ற காரணங்கள் எல்லாவற்றையும் விலக்கிய பிறகே மிகைப் பயிற்சி என்று சொல்ல முடியும். ஹீமோகுளோபின் சரியாக இருப்பது மட்டும் போதாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்து, ஹீமோகுளோபின் குறையாமல் இருக்கும் ஓட்டக்காரர்கள் பலர். ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் ஒரு இ.சி.ஜி.யையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் ஏதேனும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் தேவை. எதிலும் மனம் ஒட்டவில்லை என்ற நிலை நீடித்தால் அதையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வும் மிகைப் பயிற்சியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

இனி உங்கள் உணவுக் குறிப்பு. காலையில் பால் சேர்க்காத காபி, மதியம் சாதம், சாம்பார், பொரியல், இரவு மூன்று இட்லி அல்லது இரண்டு சப்பாத்தி, நடுவில் ஒரு கைப்பிடி நிலக்கடலை என்று எழுதியிருக்கிறீர்கள். அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 1,900 கலோரி வருகிறது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பதால், 12 கிலோமீட்டர் ஓடும் நாளில் ஓட்டத்துக்கு மட்டும் 816 கலோரி போய்விடுகிறது. மிஞ்சுவது 1,084. உங்கள் உடலில் கொழுப்பு நீங்கலான எடை 55 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைப்பது 20 கலோரிக்கும் குறைவு. உடல் இயல்பாக இயங்க அது 45 அளவில் இருக்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ஹார்மோன்கள், எலும்பு, நோய் எதிர்ப்பு ஆற்றல் எல்லாமே பாதிக்கப்படத் தொடங்குகின்றன என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் அளவுகோல். அத்தகைய நாளில் உங்களுக்கு 3,300 கலோரிக்கு அருகில் தேவைப்பட்டிருக்கிறது. எளிமையாகச் சொன்னால், இரண்டு மாதங்களுக்கு மேலாக நீங்கள் பட்டினியோடு ஓடியிருக்கிறீர்கள். தூக்கம் கலைவதற்கும் சளி விடாமல் பிடிப்பதற்கும் இதைவிடப் பெரிய காரணத்தைத் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். காலை உணவை நாளையிலிருந்தே தொடங்குங்கள். பொங்கலோ, முட்டையோடு இட்லியோ, கேழ்வரகுக் கூழோடு சுண்டலோ, எது பழக்கமோ அதை வயிறு நிறையச் சாப்பிடுங்கள். எடை ஒன்றிரண்டு கிலோ கூடினால் கூடட்டும்.

அடுத்த இரண்டு வாரம் ஓட வேண்டாம். மெதுவாக ஓடலாமா என்று கேட்காதீர்கள், அதுவும் வேண்டாம். 20 அல்லது 30 நிமிடம் காலாற நடக்கலாம். இரவு பத்து மணிக்குள் படுக்கைக்குப் போய், குறைந்தது எட்டு மணி நேரம் அதில் இருங்கள். தூக்கம் வராவிட்டாலும் கைபேசியைத் தொடாமல் படுத்திருங்கள். இந்த இரண்டு வாரத்தில் சேர்த்த உடற்திறன் எல்லாம் கரைந்துவிடும் என்ற பயம் வரும். தொடக்கத்தில் குறைவது பெரும்பாலும் ரத்தத்தின் நீர்ப்பகுதிதான். மறுபடி ஓடத் தொடங்கினால் அது விரைவில் நிரம்பிவிடும். மூன்று ஆண்டுகளில் தசையும் இதயமும் கற்றது பதினைந்து நாளில் அழியாது.

ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி, காலையில் எழுந்து உட்காருவதற்கு முன்பே நாடியைப் பிடித்து எண்ணி எழுதுங்கள். அதன் பக்கத்தில் தூக்கம், பசி, மனநிலை, ஓடும் ஆசை ஆகிய நான்குக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுங்கள். ஓட்டக்காரர் ஒருவர் ஓராண்டுக் குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளின் கிலோமீட்டரும் நேரமும் சிவப்பு மையில் நொடிவரை சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. 'தூக்கம்' என்று தலைப்பிட்டுக் கோடு போட்ட கட்டம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெறுமையாக இருந்தது. அவரை அலைக்கழித்த நோயின் வரலாறு முழுவதும் அந்த வெற்றுக் கட்டத்தில் இருந்தது. நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். மிகைப் பயிற்சியில் சிலருக்கு அது ஏறும், சிலருக்கு இறங்கும், சிலருக்கு மாறாமலே இருக்கும். மனநிலையும் தூக்கமும் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுகின்றன.

அந்த நான்கு மதிப்பெண்களும் ஒரு வாரம் தொடர்ந்து நன்றாக இருந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் 20 நிமிடம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில், கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓடுங்கள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள். ஒரு மாதத்தில் பழைய 40 கிலோமீட்டரில் பாதியைத் தொட்டால் போதும். அதன் பிறகும் நான்கு வாரம் களைப்பின்றிக் கழிந்தால்தான் வேக ஓட்டமும், வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வெல் பயிற்சியும். நடுவில் இரவு இரண்டு மணி விழிப்பு திரும்பி வந்தால், வெட்கப்படாமல் ஒரு படி இறங்கி, ஒரு வாரம் அங்கேயே இருங்கள். இரண்டு வாரம் கழித்தும் மதிப்பெண்கள் ஏறவில்லை என்றால் ஓய்வை நீட்டுங்கள், நாள்காட்டியைப் பார்த்து ஓடத் தொடங்காதீர்கள். கட்டிய பந்தயப் பணம் போனால் போகட்டும். இந்த ஆண்டு அந்தப் பந்தயத்தில் நீங்கள் ஓடக் கூடாது.

கேள்வி: ஓடி முடித்ததும் என் கைக்கடிகாரம் 'மீள 72 மணி நேரம்' என்று காட்டுகிறது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பி மூன்று நாள் சும்மா இருக்க வேண்டுமா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: வேண்டியதில்லை. கடிகாரம் உங்கள் இதயத் துடிப்பை வைத்து ஓர் ஊகத்தைச் சொல்கிறது. நேற்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் விழித்திருந்ததோ, மதியம் சாப்பிடாமல் விட்டதோ அதற்குத் தெரியாது. நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும் என்பதால், சாதாரண ஓட்டத்தைக்கூடக் கடும் பயிற்சியாக அது கணக்கிட்டுவிடலாம். ஒரே நாளின் எண்ணை விட்டுவிட்டு, இரண்டு மூன்று வாரமாக எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடிகாரம் நன்று என்று காட்டி, உடல் கனமாக இருக்கும் நாளில் உடல் சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மாவட்ட அளவில் 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. 'கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண்களுக்கு அப்படித்தான், நல்ல அறிகுறிதான்' என்று பயிற்சியாளர் சொல்கிறார். முன்பு வாங்கிய நேரத்தை இப்போது அவளால் எட்ட முடியவில்லை. என்ன செய்வது?
— ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, பயிற்சியாளர் சொன்னது தவறு. நிறையப் பெண் பிள்ளைகளின் எலும்பைக் கெடுத்திருக்கும் தவறு அது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும், உங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. செலவழிக்கிற ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது, உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடல் ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. இனப்பெருக்க மண்டலம் அவற்றுள் முதலில் நிற்பவற்றில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைய, எலும்பு வலுவிழக்கிறது. வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பு வலிமையின் பெரும்பகுதி சேர்கிற வயது இது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இலேயே இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரிட்டு, இருபால் விளையாட்டு வீரர்களுக்கும் வரும் என்று எச்சரித்தது.

மகளை இந்த வாரமே மகப்பேறு, மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு கோளாறு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிகுதல், சினைப்பை நீர்க்கட்டி போன்ற காரணங்களும் இருக்கலாம் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். வழக்கமாகக் கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி அளவிடும் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைப்பது மட்டும் தீர்வாகாது, ஏனென்றால் மாத்திரையால் வரும் போக்கு உடல் மீண்டுவிட்டது என்பதற்குச் சான்றல்ல. உண்மையான மருந்து உணவும் குறைந்த பயிற்சியும்தான். பள்ளிக்குப் போகும் முன் அவள் ஓடி வந்ததும் அரை மணிக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும்: இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும், அல்லது கடலை உருண்டையும் முட்டையும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு உடலில் சேரும். சாப்பாட்டோடு தேநீரோ காபியோ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். 'எடை குறைந்தால் வேகம் கூடும்' என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கிறார்களா என்று நீங்கள் தனியாக, கோபப்படாமல் கேளுங்கள். சொல்லியிருந்தால், அந்தப் பேச்சு நிற்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் நேரில் சொல்வது உங்கள் உரிமை. அவர் கேட்காவிட்டால் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

கேள்வி: காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். காலையும் மாலையும் தார்ச் சாலையில் ஓடுகிறேன், ஒரு நாளும் விடுவதில்லை. 6 நிமிடம் 40 நொடியில் ஓடியவன் இப்போது 7 நிமிடம் 15 நொடி எடுக்கிறேன். முன்னங்கால் எலும்பில் வலி. நண்பர்கள் வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடச் சொல்கிறார்கள். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.
— இளைஞர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தம்பி, இன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, முன்னங்கால் எலும்பின் உள்பக்க ஓரத்தில் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கிக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வா. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது எலும்புறையும் தசையும் சேருமிடத்தில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தினால் சில வாரத்தில் தணியும். ஒற்றை ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே குத்தினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கக்கூடும். அப்படியிருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போ. முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமல் போகலாம். ஆகவே எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி நின்றபாடில்லை என்றால் மருத்துவரிடம் திரும்பப் போய்ச் சொல். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும்.

வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடாதே. வலி மறைந்துவிட்டால் கீறல் முழு முறிவாகும்வரை உனக்குத் தெரியாது. வெயிலில் உடலில் நீர் வற்றிய நிலையில் அத்தகைய மருந்துகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைந்ததன் அடையாளம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பரவலான வலிதான் என்று உறுதியானால், முதல் பத்து நாள் ஓடாதே. ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். ஊர்க் கிணற்றிலோ ஏரியிலோ நீந்தத் தெரிந்தால், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு நீந்து. இல்லையேல் சைக்கிள் மிதி. மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை கிடைக்கும், எலும்புக்கு அடி விழாது. பிறகு தார்ச் சாலையை விட்டு மண் மைதானத்துக்கு வா. தேய்ந்த கேன்வாஸ் காலணியாக இருந்தால் மாற்று. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒருமுறை மட்டும் ஓடு. மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 25 நிமிடம். நான்காம் நாள் மட்டும் பந்தய வேகத்தில் 400 மீட்டரை நான்கு முறை, நடுவில் மூன்று நிமிட நடையோடு. 7 நிமிடத்துக்குள் முடிக்க 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 நொடி போதும். நீ ஏற்கெனவே அதைவிட வேகமாக ஓடியவன். வலி திரும்பினால் அன்றே நிறுத்திவிடு. தேர்வுக்கு முந்தைய ஐந்து நாளில் இரண்டு முறைக்கு மேல் ஓடாதே, அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு. எலும்பில் கீறல் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் மட்டும் இந்த முறை ஓட முடியாது. ஆற ஆறு முதல் எட்டு வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். அந்தக் காலத்தை எழுத்துத் தேர்வுக்கான படிப்புக்கு வைத்துக்கொள். மருத்துவர் நடக்க அனுமதித்ததும் எனக்கு எழுது, உன் காலின் நிலையைப் பார்த்து மறுபடி ஓடுவதற்கான அட்டவணையை அனுப்புகிறேன்.